ஊர் கூடித் தாய்ப்பாலைக் கொண்டாட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் உலகத் தாய்ப்பால் வாரம் நெருங்கும்போது எங்கள் தாய்மார் குழுவுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். கூட்டம் நடத்த ஆசைப்படுபவர்கள் ஒரு வகை. "பால் பத்தலை, என்ன செய்யறது" என்று தவித்து வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்குமான பதில்கள் இங்கே கலந்தே கிடக்கின்றன. வேண்டுமென்றேதான் பிரிக்கவில்லை. இரண்டாமவரின் கேள்விக்குப் பதில் தெரியாதவர் கூட்டம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாலூட்டுவது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையிலான விஷயம். ஊருக்கு இதில் என்ன வேலை?

தாய்ப்பால் நல்லது என்று தெரியாத அம்மாவை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் ஏன் பாதியில் நின்றுபோகிறது? பிரசவம் முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கும்போது எப்படிப் பிடித்து ஊட்டுவது என்று காட்ட ஆள் இருக்காது. இரவெல்லாம் குழந்தை அழுதால், "உன் பால் பத்தலை போல" என்று வீட்டிலேயே யாராவது ஆரம்பிப்பார்கள். வேலைக்குத் திரும்பினால் பால் எடுக்க ஓர் அறை இருக்காது. இவை எதுவும் அம்மா தனியாகச் சரிசெய்யக்கூடியவை அல்ல.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிமையானது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ. உலக அளவில் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 48 சதவீதம் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். பாதிக்கும் குறைவு. எல்லாருக்கும் எட்டும் அளவில் பாலூட்டல் பெருகினால் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்பைத் தடுக்கலாம் என்று 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொடர் மதிப்பிட்டது. பாலூட்டிய தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. இதை மட்டும் ஏனோ மேடையில் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஏன் ஆகஸ்ட் முதல் வாரம்?

1990-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில், இன்னொசென்ட்டி என்ற பழைய கட்டடத்தில் பல நாட்டு அரசுப் பிரதிநிதிகள் கூடினார்கள். தாய்ப்பாலைப் பாதுகாக்கவும் ஊக்குவிக்கவும் ஆதரிக்கவும் ஆகஸ்ட் 1 அன்று ஒரு பிரகடனம் வெளியானது. அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கட்டிய இல்லம் அது. செவிலித்தாய்மாரை வைத்து அங்கே பிள்ளைகளுக்குப் பாலூட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 1991-ல், தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பு உருவானது. 'வாபா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்; தலைமையகம் மலேசியாவின் பினாங்கில். அந்தப் பிரகடனத்தின் நினைவாக 1992 முதல் ஆகஸ்ட் 1 தொடங்கி 7 வரை உலகத் தாய்ப்பால் வாரத்தை நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் அறிவிப்பார்கள்.

அந்த வாரத்தில் முடியவில்லை என்றால்?

வேறு வாரத்தில் வையுங்கள். கனடாவிலேயே அக்டோபர் முதல் வாரத்தில்தான் கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் தேதி பார்த்துப் பிறப்பதில்லை.

முதல் கூட்டத்தை எப்படி அமைப்பது?

மேடை, மைக், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் என்று போகாதீர்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்ணால் ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார முடியாது. பாய் விரித்த ஓர் அறை, சாய்ந்துகொள்ளத் தலையணைகள், குடிதண்ணீர், பக்கத்திலேயே சுத்தமான கழிவறை, டயபர் மாற்ற ஒரு மூலை. இவ்வளவு இருந்தால் போதும். மூத்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களுக்கு விளையாட ஏதாவது வைத்து, பார்த்துக்கொள்ள ஒருவரையும் நிறுத்துங்கள். அதைச் செய்யாவிட்டால் அம்மாக்களின் காது பேச்சில் இருக்காது.

கர்ப்பிணிகளை அவசியம் அழையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டால் அப்போது தூங்கவே நேரம் இருக்காது. முன்கூட்டியே வேறொரு தாய் பாலூட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்குப் பாதிப் பயம் தெளிந்துவிடும். கூட்டுக் குடும்பங்களில் இது தானாக நடந்தது. இப்போது பல பெண்களுக்குத் தன் குழந்தைக்கு ஊட்டும்போதுதான் முதன்முறையாக அந்தக் காட்சியே கிடைக்கிறது.

பேச்சை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மீதி நேரம் அவர்களுக்குள் பேசட்டும். கூட்டத்தின் உண்மையான பயன் அந்தப் பேச்சில்தான். அமெரிக்காவில் 1956-ல் ஏழு பெண்கள் தொடங்கிய 'லா லெச்சே லீக்' என்னும் தாய்மார் அமைப்பு இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பதற்கு இதே முறைதான் காரணம்: ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசுவது.

பேச யாரை அழைப்பது? பெரிய டாக்டர் கிடைத்தால் நல்லதுதானே?

கிடைத்தால் நல்லது. ஆனால் அவருக்கு முன்னால் இன்னொருவரைப் பேச விடுங்கள்: உங்கள் தெருவில் ஆறு மாதம் முன்பு பிரசவித்து, முதல் வாரம் அழுது, பிறகு சமாளித்த பெண். டாக்டர் சொன்னால் தலையாட்டுவார்கள். இவள் சொன்னால் கேள்வி கேட்பார்கள்.

பயிற்சி பெற்ற பாலூட்டல் ஆலோசகரோ, அனுபவமுள்ள செவிலியரோ ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். குழந்தையை எப்படி வைத்துப் பிடிப்பது என்று பொம்மையைக் கொண்டு காட்ட அவரால் முடியும். சுவரொட்டியைப் பார்த்து அது வராது.

"எனக்குப் பால் பத்தலை" என்று ஒரு தாய் சொன்னால் என்ன பதில் சொல்வது?

நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"அதெல்லாம் பத்தும்மா" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உண்மையிலேயே பால் குறைவாகச் சுரப்பவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, முன்பு நடந்த மார்பக அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. ஆனால் இவர்கள் சிறுபான்மை. பெரும்பாலானவர்களுக்குப் பால் இருக்கிறது, நம்பிக்கைதான் போயிருக்கிறது. எந்த வகை என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது? ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையாவது துணி நனைந்தால் உள்ளே பால் போகிறது. எடை என்ன ஆயிற்று? பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப்பிடித்துவிட வேண்டும். எத்தனை முறை ஊட்டுகிறாய்? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை. குழந்தை கேட்கும்போது ஊட்டாமல், "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை" என்று கடிகாரம் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தால் கோளாறு அங்கே இருக்கலாம்.

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மார்பு காலியாகும்போது உடல் மேலும் தயாரிக்கிறது. நிறைந்தே இருந்தால் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. பால் சுரக்க உதவும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில் கூடுதலாக இருப்பதால் இரவு ஊட்டுவதை நிறுத்தினால் அளவு குறையும். பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் வலியிலும் பதற்றத்திலும் தயங்கி நிற்கும். அதனால்தான் நாலு பேர் சூழ்ந்து நின்று "வருதா, வருதா" என்று கேட்டால் வராது.

பிறகு, குழந்தை வாய் வைக்கும் விதத்தைப் பாருங்கள். வாய் நன்றாக அகலத் திறந்திருக்க வேண்டும். காம்பு மட்டும் போதாது, சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் அம்மாவுக்குப் புண்ணாகும், பிள்ளைக்குப் பசியும் அடங்காது. இதைச் சரிசெய்தாலே பலருக்கு "பத்தலை" போய்விடும்.

சாயங்காலம் விடாமல் குடித்து அழும் குழந்தையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. பல குழந்தைகள் அப்படித்தான். ஆனால் குழந்தை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால், சிறுநீர் குறைந்தால், எடை ஏறாவிட்டால் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். அம்மாவுக்குக் காய்ச்சலும் மார்பில் சிவந்த வலியும் இருந்தால் அவரையும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த நிலையிலும் ஊட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறார்களே?

கொட்டக் கூடாது. முதல் சில நாட்கள் வரும் அந்த மஞ்சள் பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. அளவு குறைவுதான், பிறந்த குழந்தையின் வயிறும் சிறியதுதான். சிசேரியன் ஆனவர்களும் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, முதல் மணி நேரத்திலேயே முயலலாம்.

வெயில் காலத்தில் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமா?

6 மாதம் வரை வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரால் வயிறு நிரம்பினால் அந்த அளவுக்குப் பால் குடிப்பது குறையும். தேனோ ஒரு வயது வரைக்குமே கூடாது. அரிதாக என்றாலும் கொடிய நரம்பு நச்சு உண்டாக்கும் கிருமியின் விதைகள் அதில் இருக்கலாம்.

பால் பவுடர் கம்பெனி பேனரும் பரிசுப் பைகளும் தருகிறேன் என்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. எங்கள் குழுவில் விவாதமே இல்லாமல் முடிவான விஷயம் இது ஒன்றுதான்.

1970-களில் பால் பவுடர் விளம்பரத்துக்கு எதிராக உலகெங்கும் எழுந்த கோபத்தின் விளைவாக, 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு சர்வதேச விதித்தொகுப்பை நிறைவேற்றியது. ஆதரவாக 118 வாக்குகள், எதிராக ஒன்று (அமெரிக்கா). பால் பவுடர் விற்பனையை அது தடை செய்யவில்லை. அதை எப்படி விளம்பரப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் போட்டு மயக்கக் கூடாது, கம்பெனி ஆட்கள் தாய்மாரை நேரடியாகத் தேடிப் போகக் கூடாது. பாட்டிலும் ரப்பர் காம்பும் இந்த விதிக்குள் வரும். 3 வயது வரையிலான குழந்தைகளுக்கென்று விற்கும் பால் பவுடர்களும் இதில் அடங்கும் என்று 2016-ல் தெளிவுபடுத்தினார்கள். பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இலவச டப்பா என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: டப்பாப் பால் குடித்த குழந்தை அந்த வேளை மார்புக்கு வராது, மார்பு காலியாகாததால் சுரப்பு குறையும், டப்பா தீரும்போது அம்மாவின் பாலும் குறைந்திருக்கும். அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். இலவசம் என்பது இதற்கான முதலீடு.

சத்து மருந்து, பாட்டில், பம்ப் விற்பவர்கள் வந்தாலும் இதே கண்ணோடு பாருங்கள். செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் வாசகசாலை, பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்கம் இப்படி எங்காவது இடத்தை மட்டும் இலவசமாகக் கேளுங்கள். மற்றவை சொற்பம்.

பாட்டிலில் கொடுக்கும் அம்மா வந்தால்?

வரவேற்று உட்கார வையுங்கள். "ஏன் பாட்டில்" என்று யாரும் கேட்கக் கூடாது என்பதைத் தொண்டர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவளுக்கு மருத்துவக் காரணம் இருக்கலாம், தத்துப் பிள்ளையாக இருக்கலாம், இரண்டு மாதம் போராடித் தோற்றுப்போய் வந்திருக்கலாம். தாய்ப்பாலைக் கொண்டாடும் கூட்டத்திலிருந்து ஒரு தாய் குற்றவாளியாக வெளியே போனால் அந்தக் கூட்டத்தை நடத்தாமலே இருந்திருக்கலாம். பவுடரைக் கலக்கும் அளவு, தண்ணீரைக் கொதிக்க வைப்பது, பாத்திரச் சுத்தம் பற்றி அவள் கேட்டால் தனியாக உட்காரவைத்துச் சரியாகச் சொல்லித்தாருங்கள்.

அப்பாக்களையும் பாட்டிகளையும் எப்படி உள்ளே கொண்டுவருவது?

அவர்களுக்கென்று தனியாக ஒரு அமர்வு வையுங்கள். அப்பாவிடம் "உறுதுணையாக இருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வேலையாகச் சொல்லுங்கள்: இரவில் குழந்தையைத் தூக்கி அம்மா கையில் கொடுப்பது, குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, மூத்ததைக் குளிப்பாட்டுவது, விசாரிக்க வருபவர்களைப் பக்குவமாகப் பேசி அனுப்பிவைப்பது.

பாட்டிமார் விஷயம் நுட்பமானது. "நீங்கள் செய்ததெல்லாம் தப்பு" என்கிற தொனி வந்த நொடியில் அவர்களை இழந்துவிடுவோம். அவர்கள் பிள்ளை பெற்ற காலத்தில் டப்பாப் பால்தான் நாகரிகம் என்று மருத்துவமனையிலேயே சொன்னதுண்டு. அவர்களைப் பேச விட்டுக் கேளுங்கள். மாமியார் ஒரு வார்த்தை, "நல்லா குடிக்கறான் பாரு" என்று சொன்னால் போதும், மருமகளுக்கு நம்பிக்கை வந்துவிடும். எங்கள் துண்டறிக்கை எதுவும் அதைச் செய்ததில்லை.

வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்கு என்ன செய்யலாம்?

வேலை நேரத்தில் பாலூட்ட இடைவேளை என்பது புதுக் கோரிக்கை அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே நாளுக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் வீதம் என்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பும், சம்பளத்தோடு கூடிய பாலூட்டல் இடைவேளையும் வேண்டும் என்கிறது. உங்கள் பகுதி முதலாளிகளைச் சந்தித்துப் பேசப் போகும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குப் பெரிய செலவில்லை: தாழ்ப்பாள், நாற்காலி, மின் இணைப்பு, கை கழுவத் தண்ணீர், பக்கத்தில் குளிர்பெட்டி. கழிவறையைக் காட்டி "இங்கே எடுத்துக்கொள்ளலாம்" என்பவரிடம், "உங்கள் சாப்பாட்டை இங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம், பலன் உண்டு.

எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரமும், குளிர்பெட்டியில் 4 நாளும், உறைபெட்டியில் 6 மாதமும் இருக்கும். உருக்கியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. அங்கங்கே கொதித்து வாய் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும்.

பலர் ஒன்றாக அமர்ந்து பாலூட்டும் நிகழ்ச்சி நடத்தலாமா? படம் எடுக்கலாமா?

நடத்தலாம். 2005-ல் நியூசிலாந்தில் தொடங்கிய 'பிக் லாட்ச் ஆன்' பல நாடுகளுக்குப் பரவியது. குறித்த நேரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பாலூட்டுவார்கள், அமைப்பாளர்கள் எண்ணுவார்கள். எண்ணிக்கை செய்தித்தாளுக்கு உதவும். பொது இடத்தில் பாலூட்டக் கூச்சப்படும் பெண்ணுக்கு, கூட்டத்தோடு ஒருமுறை செய்து பார்ப்பது தனியாகச் செய்யும் துணிச்சலைத் தரும்.

படம் எடுப்பதானால் எழுத்து மூலம் சம்மதம் தந்தவர்களை மட்டும். வாசலிலேயே கேட்டு, சம்மதிக்காதவர்களுக்கு ஒரு நிற நாடா கொடுத்துவிடுங்கள். மேலாடையால் மூடிக்கொள்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். அதைப் பற்றியும் யாரும் கருத்துச் சொல்ல வேண்டாம்.

பால் மிகுதியாக இருப்பவர் இன்னொரு குழந்தைக்குத் தரலாமா?

தாய்ப்பால் வங்கி இருந்தால் அதன் வழியாகத் தரச் சொல்லுங்கள். வியன்னாவில் 1909-லேயே இப்படி ஒன்று தொடங்கியது. தானம் தருபவரின் ரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் தருவார்கள். முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்குப் போகிறது. உங்கள் கூட்டத்தில் பால் பரிமாற்றம் ஏற்பாடு செய்யாதீர்கள். மருந்தும் நோயும் பாலில் கலக்கலாம். நல்ல மனசு பரிசோதனைக்கு ஈடாகாது.

யார் பாலூட்டக் கூடாது?

மிகச் சிலர். பால் சர்க்கரையிலிருந்து வரும் கேலக்டோஸை உடலால் பயன்படுத்திக்கொள்ள முடியாத கேலக்டோசீமியா என்னும் அரிய பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குக் கூடாது. புற்றுநோய்க்கான சில மருந்துகள் எடுக்கும் தாய் ஊட்டக் கூடாது. எச்.ஐ.வி. விஷயத்தில் பழைய பேச்சு மாறிவிட்டது: மருந்தைத் தவறாமல் எடுக்கும் தாய்மார் பாலூட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வழிகாட்டியது, நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் சிகிச்சை தரும் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு நிறுத்த வேண்டாம். மாத்திரை எதுவானாலும் "பால் கொடுக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லி வாங்கச் சொல்லுங்கள்.

வாரம் முடிந்த பிறகு?

வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஒரு தொலைபேசி எண், அதை முறைவைத்து எடுக்க நாலு பெண்கள். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொரு கர்ப்பிணியின் பிரசவத் தேதியையும் அவர் சம்மதத்தோடு குறித்து வைத்து, வீடு திரும்பிய இரண்டொரு நாளில் ஒரு அழைப்பு, இரண்டாம் வாரத்தில் ஒன்று, வேலைக்குத் திரும்பும் முன் ஒன்று. பாலூட்டல் வெற்றிபெற மருத்துவமனைகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-ல் வகுத்த பத்துப் படிகளில் கடைசிப் படியே வீடு திரும்பும் தாய்க்கு ஆதரவுக் குழுவைக் காட்டிவிடுவதுதான். பக்கத்து மருத்துவமனைக்குப் போய், "அந்தக் குழு நாங்கள்தான்" என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதல் கூட்டத்துக்கு யாருமே வராவிட்டால்?

அப்படித்தான் நடக்கும். புறப்படும் நேரத்தில் குழந்தை தூங்கிவிடும், அல்லது துணியை நனைத்துவிடும். அடுத்த மாதம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் மறுபடி பாய் விரியுங்கள். இடையில் வராதவர்களின் வீட்டுக்கு ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும். போகும் முன் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு.